மெனோபாஸ் தொந்தரவுகளுக்கு உதவி பெறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் "தூக்கமே வரல, உடம்பெல்லாம் எரியுது, காரணமே இல்லாம அழுகை வருது" என்று சொன்னால் அவளுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. "இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்பார்கள். இல்லாவிட்டால் நீளமான ஒரு ரத்தப் பரிசோதனைப் பட்டியலைக் கையில் கொடுப்பார்கள். இரண்டாலும் அவளுக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை.

மெனோபாஸுக்கென்று பொதுவான ஒரு வைத்தியம் கிடையாது. எந்தத் தொந்தரவு உங்களை அதிகம் படுத்துகிறதோ, அதற்குத்தான் வைத்தியம். இரவு வியர்வைக்கு ஒரு வழி, பெண்ணுறுப்பு வறட்சிக்கு வேறு வழி, மனச்சோர்வுக்கு இன்னொன்று. எனவே டாக்டரிடம் போவதற்கு முன்பே, எதைச் சரிசெய்யக் கேட்கப் போகிறோம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1. எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்?

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால் மெனோபாஸ் ஆகிவிட்டது என்று கணக்கு. பெரும்பாலோருக்கு 45 முதல் 55 வயதுக்குள் இது நடக்கிறது. அதற்கு முந்தைய சில வருடங்கள் பெரிமெனோபாஸ். தொந்தரவுகள் தலைகாட்டுவது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான், மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே. "இன்னும் பீரியட்ஸ் வருதே, இது மெனோபாஸா இருக்காது" என்று நினைத்துத் தைராய்டு, இதயம், மூட்டு என்று ஒவ்வொரு டாக்டராக ஏறி இறங்குகிறவர்கள் ஏராளம்.

பெரிமெனோபாஸில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஒரே சீராகக் குறைந்துகொண்டு வருவதில்லை. ஒரு மாதம் தாறுமாறாக ஏறும், அடுத்த மாதம் சரியும். ஏறும்போது மார்பகங்களில் வலி, அதிக ரத்தப்போக்கு. இறங்கும்போது சூடு, வியர்வை, தூக்கமின்மை. அதனால்தான் ஒரு மாதம் "சரியாகிடுச்சு போல" என்று தோன்றும், மறு மாதம் மறுபடி எல்லாம் வந்து நிற்கும்.

திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை பரவும் அந்தச் சூட்டுக்குக் காரணம் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கிறது. உடல் வெப்பநிலையைப் பார்த்துக்கொள்வது அதுதான். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அங்குள்ள சில நரம்பு செல்கள் கட்டுப்பாடின்றித் தூண்டப்படுகின்றன. வெப்பநிலை இம்மி கூடினாலும் உடம்பு அதிகமாகச் சூடாகிவிட்டதாக எடுத்துக்கொண்டு, ரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்டுகிறது. நரம்பு மண்டலத்தில் நடக்கிற விஷயம் இது. மனதைக் கல்லாக்கிக்கொண்டால் நின்றுவிடாது.

மூன்று பேர் மட்டும் மற்றவர்களைப் போலப் பொறுத்துப் பார்க்கக் கூடாது. 40 வயதுக்குள் மாதவிடாய் நின்றவர்கள், 40 முதல் 45 வயதுக்குள் நின்றவர்கள், அறுவைச் சிகிச்சையில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்கள். இவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் சீக்கிரமே போய்விடுவதால் எலும்பு, இதயம் இரண்டுக்கும் ஆபத்து கூடுகிறது. தடை ஏதும் இல்லையென்றால், தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இயல்பாக மெனோபாஸ் ஆகும் வயது வரையாவது, அதாவது 51 வயதுவாக்கு வரை, ஹார்மோன் கொடுப்பதுதான் பொதுவான பரிந்துரை. சினைப்பைகளை எடுக்கும் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறிக்கும்போதே "அப்புறம் ஹார்மோனுக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டுவிடுங்கள். மயக்கம் தெளிந்த சில நாட்களிலேயே வியர்வை ஆரம்பித்துவிடும்.

கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டுச் சினைப்பைகளை விட்டுவைத்திருந்தால், மாதவிடாயை வைத்துக் கணக்குப் பார்க்க வழியில்லை. அவர்களுக்கு அறிகுறிகள்தான் வழிகாட்டி.

2. எட்டு வாரம் குறிப்பு எழுதுங்கள்

என்னைக் கேட்டால், இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான வேலை. செலவு இல்லை, ஊசி இல்லை, அதனாலேயே பெரும்பாலோர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் "என்னவோ பண்ணுது டாக்டர், ஒண்ணுமே சரியில்ல" என்றுதான் வாயில் வருகிறது. பத்து நிமிடச் சந்திப்பில் அதை வைத்துக்கொண்டு அவரால் எதையும் பிடிக்க முடியாது.

ஒரு சின்ன நோட்டு அல்லது போன் போதும். இப்படி எழுதினால் போதுமானது:

"செவ்வாய். ராத்திரி 2.40க்கு முழிப்பு, கழுத்தும் முதுகும் நனைஞ்சிருந்தது, நைட்டி மாத்தினேன். நாலரை வரைக்கும் தூக்கம் இல்ல. பகல்ல சூடு 5 தடவை. மீட்டிங்ல கூட வேலை பார்க்கறவங்க பேர் ஞாபகம் வரல. மாதவிடாய் 19ஆம் நாள், லேசா கறை. தொந்தரவு: 10க்கு 7."

எத்தனை தடவை, எத்தனை மணிக்கு, எந்த வேலை கெட்டது, மாதவிடாய்ச் சுழற்சியில் எத்தனையாவது நாள், 10க்கு எத்தனை. இவ்வளவுதான்.

சூடும் வியர்வையும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் மூட்டு வலி, படபடப்பு, தோல் அரிப்பு, கண் வறட்சி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று, உறவின்போது வலி, ஆசை குறைவது, வார்த்தை சட்டென்று நினைவுக்கு வராமல் போவது, சின்ன விஷயத்துக்கும் பொங்கி வரும் கோபம் ஆகியவற்றையும் எழுதுங்கள். இவற்றில் பலவற்றை மாதவிடாயோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. எல்லாம் ஹார்மோனால்தான் என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒரே நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான், சேர்ந்து வருகிறதா தனியாக வருகிறதா என்று தெரியும்.

எழுதப் பிடிக்காதவர்கள் மருத்துவர்களே பயன்படுத்தும் கேள்வித்தாளை நிரப்பலாம். மெனோபாஸ் ரேட்டிங் ஸ்கேல் என்பதில் 11 கேள்விகள், கிரீன் ஸ்கேலில் 21. இன்று ஒரு தடவை, சிகிச்சை தொடங்கி மூன்று மாதம் கழித்து ஒரு தடவை நிரப்பினால், மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு எண்ணிக்கையிலேயே பதில் கிடைத்துவிடும்.

எட்டு வாரம் முடிந்ததும் முழு நோட்டையும் டாக்டரிடம் நீட்ட வேண்டாம். ஒரு பக்கமாகச் சுருக்குங்கள். மேலே உங்களை அதிகம் படுத்தும் மூன்று தொந்தரவுகள். கீழே கடைசி மாதவிடாய்த் தேதி, சாப்பிடும் மருந்துகள், செய்த அறுவைச் சிகிச்சைகள், குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய், ரத்த உறைவு, மாரடைப்பு, இடுப்பு எலும்பு முறிவு யாருக்கு, எந்த வயதில் வந்தது என்பது. ஒற்றைத் தலைவலி உண்டா, புகைப்பழக்கம் உண்டா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சையைத் தீர்மானிக்க டாக்டருக்குத் தேவையான தகவல் பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும்.

தொந்தரவு பொறுக்க முடியாத அளவில் இருந்தால் எட்டு வாரம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு வாரக் குறிப்போடு கிளம்பிவிடுங்கள்.

3. காத்திருக்கவே கூடாத விஷயங்கள்

மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். வலி இல்லை, ஒரே ஒரு நாள்தான் வந்தது என்பதெல்லாம் சமாதானம் ஆகாது. பெரும்பாலும் கர்ப்பப்பையின் உட்சவ்வு மெலிந்தது, பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சி போன்ற சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் இப்படி வருகிறவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பை உட்சவ்வுப் புற்றுநோய் இருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் நன்றாகக் குணமாகக்கூடியது அது. பெண்ணுறுப்பு வழியாக ஸ்கேன் செய்து உட்சவ்வின் தடிமனைப் பார்ப்பார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, ரத்தப்போக்கு திரும்பத் திரும்ப வந்தாலோ சிறிது திசு எடுத்துச் சோதிப்பார்கள்.

பெரிமெனோபாஸில் மணிக்கொரு நாப்கின் நனையும் அளவுக்குப் போக்கு, உறவுக்குப் பின் ரத்தம், மார்பில் கட்டி, நெஞ்சு வலியோடு சேர்ந்த படபடப்பு ஆகியவற்றையும் "மெனோபாஸ்தான்" என்று தள்ளிவிடக் கூடாது. உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவ உதவி தேடுங்கள்.

4. எந்தப் பரிசோதனை வேண்டும், எது வேண்டாம்?

45 வயதைத் தாண்டி, மாதவிடாய் ஒழுங்கு மாறி, சூடும் வியர்வையும் இருந்தால், மெனோபாஸை உறுதிசெய்ய ஹார்மோன் பரிசோதனை தேவையில்லை. சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. காரணம் எளிது. பெரிமெனோபாஸில் சினைப்பையைத் தூண்டும் எஃப்எஸ்எச் ஹார்மோன், ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகையான ஈஸ்ட்ரடையால் இரண்டும் நாளுக்கு நாள் மாறும். இன்று எடுத்தால் ஒன்று, அடுத்த வாரம் வேறொன்று. "ரிப்போர்ட் நார்மல், உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று அனுப்பப்படும் பெண்கள் இந்தக் குழப்பத்தில் சிக்கியவர்கள்தான். எச்சில் பரிசோதனை, இருபது ஹார்மோன் அடங்கிய பெரிய பேக்கேஜ் இவையெல்லாம் விற்பவருக்கு லாபம். சிகிச்சை அதனால் ஒரு துளிகூட மாறாது.

40 வயதுக்குள் நின்றுவிட்டது போலிருந்தால் எஃப்எஸ்எச் அவசியம். வழக்கமாக 4 முதல் 6 வாரம் இடைவெளிவிட்டு இரண்டு தடவை எடுப்பார்கள். 40 முதல் 45 வயதுக்கு இடைப்பட்டவர்களுக்கு டாக்டர் பார்த்து முடிவு செய்வார்.

மெனோபாஸ் போலவே வேடம் போடுகிற வேறு பிரச்சினைகளை விலக்கும் பரிசோதனைகள்தான் உண்மையில் உபயோகமானவை. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் அச்சு அசலாக இதே மாதிரி இருக்கும். அதிக ரத்தப்போக்கால் வந்த ரத்தசோகை சோர்வாகவும் மூச்சுவாங்கலாகவும் தெரியும். ஆகவே தைராய்டுக்கான டிஎஸ்எச், ரத்த அணுக்கள், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. இரவு வியர்வையோடு எடை குறைவதும் காய்ச்சலும் இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது வேறு திசையில் தேட வேண்டிய விஷயம்.

5. யாரைப் பார்ப்பது, எப்படிப் பேசுவது?

மகளிர் நல மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. மெனோபாஸில் ஆர்வமும் பயிற்சியும் உள்ள பொது மருத்துவரே போதும். சில நாடுகளின் மெனோபாஸ் சங்கங்கள் பயிற்சி பெற்ற மருத்துவர்களின் பட்டியலைத் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கின்றன. யாரைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாவிட்டால், முன்பதிவு செய்யும்போதே "டாக்டர் ஹார்மோன் சிகிச்சை கொடுப்பாங்களா?" என்று கேட்டுவிடலாம். பதிலில் இருக்கும் தயக்கமே பாதி சொல்லிவிடும். 40 வயதுக்குள் நின்றவர்களும், மார்பகப் புற்றுநோய் வந்தவர்களும், ரத்த உறைவு வந்தவர்களும் நிபுணரிடமே போவது நல்லது.

உள்ளே போனதும் முதல் நிமிடத்திலேயே முக்கியமானதைச் சொல்லிவிடுங்கள். கையை வாசற்கதவில் வைத்துக்கொண்டு "அப்புறம் டாக்டர், இன்னொண்ணு" என்று சொல்லப்படுவதுதான் பெரும்பாலும் உண்மையான பிரச்சினையாக இருக்கும். அதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிடுவார். இப்படித் தொடங்கலாம்:

"டாக்டர், எனக்கு 48 வயசு. ஆறு மாசமா ராத்திரி மூணு நாலு தடவை வியர்த்து முழிச்சுக்கறேன். பகல்ல வேலை ஓடல. முதல்ல எனக்குத் தூக்கம் வேணும். ஹார்மோன் சிகிச்சை எனக்குப் பொருந்துமா? பொருந்தாதுன்னா ஏன், வேற என்ன வழி இருக்குன்னு சொல்லுங்க."

"வயசானா இப்படித்தான்மா இருக்கும்" என்று பதில் வந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். எழுந்து வந்துவிடவும் வேண்டாம். "சரிங்க டாக்டர், அது புரியுது. ஆனா என்னால சமாளிக்க முடியல. எனக்கு மருந்து கொடுக்கக் கூடாத காரணம் ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். காரணம் இருந்தால் சொல்வார், தெரிந்துகொள்வீர்கள். காரணம் எதையும் சொல்ல முடியாவிட்டால் வேறொரு டாக்டரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

பேசச் சங்கடமான விஷயத்தைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். உறவின்போது வலி, சிறுநீர் கசிவு போன்றவை வாயில் வராமலே பல வருடம் ஓடிவிடுகின்றன. கூடத் துணைக்கு ஒருவரை அழைத்துப் போவது நல்லதுதான், ஆனால் அவர் முன்னால் இதையெல்லாம் பேச முடியுமா என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

6. ஹார்மோன் சிகிச்சை: பயமும் கணக்கும்

சூட்டுக்கும் இரவு வியர்வைக்கும் இதைவிட நன்றாக வேலை செய்யும் மருந்து இன்னும் வரவில்லை. அப்படியும் "ஹார்மோனா, கேன்சர் வந்துடும்" என்ற பயம் பெண்களிடமும் இருக்கிறது, டாக்டர்களிடமும் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஒரு தேதி உண்டு: 2002 ஜூலை. விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற அமெரிக்க ஆய்வில் ஈஸ்ட்ரோஜனும், கர்ப்பப்பை உட்சவ்வைக் காக்கும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோன் மருந்தும் சேர்ந்த மாத்திரையை 16,608 பெண்களை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று அந்த மாதம் ஆய்வின் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். உலகம் முழுக்கப் பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள்.

தலைப்புச் செய்தியில் வராத கணக்கு இது: 10,000 பெண்கள் ஒரு வருடம் சாப்பிட்டால், சாப்பிடாதவர்களைவிடக் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய். பக்கவாதமும் 8 பேருக்குக் கூடியது. இடுப்பு எலும்பு முறிவு 5 பேருக்குக் குறைந்தது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63, அதாவது பெரும்பாலோருக்கு மெனோபாஸ் ஆகிப் பல வருடம் கழித்து ஆரம்பிக்கப்பட்ட மருந்து. கர்ப்பப்பை இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்ட குழுவை நீண்ட காலம் கவனித்தபோது மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, குறைந்துதான் இருந்தது.

அபாயமே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. இரண்டும் சேர்ந்த சிகிச்சையை எத்தனை வருடம் எடுக்கிறோமோ அதற்கேற்ப மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் 60 வயதுக்குள், அல்லது மெனோபாஸ் ஆகி 10 வருடத்துக்குள் தொடங்குகிற, தடை ஏதும் இல்லாத பெண்களில் பெரும்பாலோருக்கு நன்மை அதிகம் என்பதுதான் பெரிய மெனோபாஸ் சங்கங்களின் இன்றைய நிலைப்பாடு. என் கருத்து இதுதான்: 10,000இல் 8 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லும் பெண்ணின் முடிவும் சரி, வேண்டும் என்று சொல்லும் பெண்ணின் முடிவும் சரி. எண்ணையே காட்டாமல் பயமுறுத்துவதுதான் தப்பு.

யாருக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை? மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், தீவிரமான கல்லீரல் நோய் உள்ளவர்கள், மாரடைப்பு, பக்கவாதம் அல்லது ரத்த உறைவு வந்தவர்கள். கடைசியாகச் சொன்னவர்களில் சிலருக்கு மட்டும் நிபுணர் யோசித்து, தோலில் ஒட்டும் ஹார்மோன் பேட்ச் தருவதுண்டு.

கர்ப்பப்பை இருக்கிறவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கவே கூடாது. அது உட்சவ்வைத் தடிக்கச் செய்து புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம். அதைத் தடுக்கத்தான் கூடவே புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

ஈஸ்ட்ரோஜன் மாத்திரையாகவும் வரும், தோல் வழியாகப் போகும் பேட்ச், ஜெல், ஸ்பிரேயாகவும் வரும். மாத்திரை கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிறது. வழக்கமான அளவில் பேட்ச், ஜெல் அப்படிக் கூட்டுவதாகத் தெரியவில்லை. உடல் எடை அதிகம், ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, புகைப்பழக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் "எனக்குத் தோல் வழியா கொடுக்க முடியுமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள்.

பேட்ச் ஒட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. கிரீம், எண்ணெய் படாத உலர்ந்த தோலில், இடுப்புக்குக் கீழே, அடிவயிற்றிலோ பிட்டத்திலோ ஒட்ட வேண்டும். மார்பில் ஒட்டவே கூடாது. உள்ளங்கையால் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் ஓரம் தூக்காது. பெரும்பாலான பேட்ச்களை வாரம் இரண்டு முறை மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி. ஜெல் போட்டால் காய்ந்த பிறகு உடை அணியுங்கள், கையைக் கழுவுங்கள், போட்ட இடம் சின்னக் குழந்தைகள் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரான் கேப்ஸ்யூலைப் படுக்கப் போகும்போது போட வேண்டும். மயக்கம் தருகிற மருந்து அது. காலையில் போட்டால் தலை சுற்றும், இரவில் போட்டால் அதே மயக்கம் தூக்கத்துக்கு உதவும். மாதவிடாய் இன்னும் வருகிறவர்களுக்கு மாதத்தில் 12 முதல் 14 நாள் மட்டும், நின்று ஒரு வருடம் ஆனவர்களுக்குத் தினமும் என்று இரு முறைகள் உண்டு. சில பிராண்டு கேப்ஸ்யூல்களில் நிலக்கடலை எண்ணெய் இருக்கும், அலர்ஜி உள்ளவர்கள் லேபிளைப் பாருங்கள்.

சூடு சில வாரங்களிலேயே குறைய ஆரம்பிக்கும். முழுப் பலனைப் பார்க்க மூன்று மாதம் கொடுங்கள். மார்பகங்கள் கனப்பது, லேசான தலைவலி, அவ்வப்போது கறை ஆகியவை முதல் மூன்று மாதத்தில் சகஜம், பிறகு அடங்கும். ஆறு மாதத்துக்குப் பிறகும் ரத்தம் வந்தாலோ, நின்ற பின் புதிதாக வந்தாலோ பரிசோதிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று, இது கருத்தடை இல்லை. 50 வயதுக்குள் கடைசி மாதவிடாய் வந்தால் அதிலிருந்து இரண்டு வருடம், 50க்கு மேல் என்றால் ஒரு வருடம் வரை கருத்தடை தொடர வேண்டும். இந்த வயதில் யாரும் எதிர்பார்க்காத கர்ப்பங்கள் நடக்கத்தான் செய்கின்றன.

7. ஹார்மோன் வேண்டாதவர்களுக்கு, முடியாதவர்களுக்கு

வழி இல்லாமல் இல்லை. மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளைக் குறைந்த அளவில் கொடுத்தாலே சூடு குறைகிறது. பராக்ஸட்டின் 7.5 மில்லிகிராமுக்கு 2013இல் அமெரிக்காவில் இதற்கென்றே அனுமதி கிடைத்தது. வென்லாஃபாக்ஸினும் உபயோகத்தில் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் எடுப்பவர்கள் பராக்ஸட்டினைத் தவிர்க்க வேண்டும், அது டமாக்ஸிஃபெனின் வேலையைக் கெடுக்கலாம். இரவுத் தொந்தரவு அதிகம் உள்ளவர்களுக்கு காபபென்டின் உண்டு. அதிலும் தூக்கம் வரும்.

ஃபெசோலினெட்டன்ட் என்ற மருந்து 2023இல் வந்தது. ஹைப்போதலாமஸில் தூண்டப்படும் அந்த நரம்பு செல்களையே குறிவைக்கிறது, ஹார்மோன் இல்லை. ஆனால் கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் தொடங்கும் முன்பும் முதல் மாதங்களிலும் கல்லீரல் பரிசோதனை கட்டாயம்.

மருந்தே வேண்டாம் என்றால், சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குச் சான்று இருக்கிறது. எத்தனை தடவை சூடு வருகிறது என்பது அவ்வளவு மாறாது, ஆனால் அது நம்மைப் படுத்துவதும் தூக்கத்தைக் கெடுப்பதும் குறையும். அமெரிக்காவின் மெனோபாஸ் சொசைட்டி 2023இல் சான்றுகளை அலசி வெளியிட்ட பரிந்துரையில் சிபிடிக்கும் மருத்துவ ஹிப்னாஸிஸுக்கும் இடம் கொடுத்தது. மூச்சுப் பயிற்சி, யோகா, உடற்பயிற்சி, அக்குபங்சர் ஆகியவை சூட்டைக் குறைக்கப் போதிய சான்று இல்லை என்றது. படித்ததும் பலருக்குக் கோபம் வரும். அவை மனசுக்கும் இதயத்துக்கும் எலும்புக்கும் நல்லதுதான், தாராளமாகச் செய்யுங்கள். "யோகா பண்ணியும் எனக்கு சூடு நிக்கலயே" என்று உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

மூலிகை மாத்திரைகள் விஷயத்தில் நான் கறார். பிளாக் கோஹோஷ் எடுத்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் வேறு பல மருந்துகளோடு மோதும். "ஹார்மோன் பேலன்ஸ்" என்று எழுதிய டப்பாவில் என்ன அளவில் என்ன இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் குளிகைகளான பெல்லட்டுகளும், உங்களுக்கென்றே கலந்து தருவதாகச் சொல்லும் "இயற்கை" ஹார்மோன்களும் இதே ரகம்தான். பெல்லட்டை வைத்தபின் அளவு அதிகமானால் வெளியே எடுப்பதுகூட எளிதில்லை. அதே ஈஸ்ட்ரடையால், அதே புரோஜெஸ்டிரான், தரப் பரிசோதனை முடிந்து மருந்துக்கடையிலேயே கிடைக்கும்போது இதெல்லாம் எதற்கு?

8. யாரும் பேசாத வறட்சி

சூடு சில வருடங்களில் பெரும்பாலோருக்குத் தானாகத் தணியும். அமெரிக்காவில் பல வருடம் பெண்களைப் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வில் அடிக்கடி சூடு வந்தவர்களுக்கு அது நீடித்த காலத்தின் இடைநிலை 7.4 வருடம். பெண்ணுறுப்பு வறட்சி அப்படியல்ல, விட்டுவிட்டால் வருடம் போகப் போக அதிகமாகும். எரிச்சல், அரிப்பு, உறவில் வலி, அவசரமாகச் சிறுநீர் வருவது, திரும்பத் திரும்பத் தொற்று என்று அது நீளும். ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எத்தனையோ பேருக்கு வேர் இங்கேதான்.

ஈரப்பதம் தரும் ஜெல்லை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, உறவின்போது லூப்ரிகன்ட் என்று தொடங்கலாம். போதவில்லையென்றால் உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன், கிரீமாகவோ மாத்திரையாகவோ. பொதுவாக இரண்டு வாரம் தினமும், அப்புறம் வாரம் இரண்டு முறை. ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேருவதால் கூடப் புரோஜெஸ்டிரான் தேவைப்படுவதில்லை, தேவைப்படும் வரை பல வருடம் தொடரலாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுவிட்டு. பெட்டிக்குள் இருக்கும் எச்சரிக்கைத் தாளைப் படித்து மிரண்டு மூடி வைத்துவிடுகிறவர்கள் நிறைய. பல இடங்களில் அந்தத் தாள் அதிக அளவு மாத்திரைகளுக்காக எழுதப்பட்ட வாசகத்தையே சுமந்துகொண்டிருக்கிறது.

ஆசை குறைந்ததற்கு டெஸ்டோஸ்டிரான் என்ற ஹார்மோனைக் கேட்பவர்கள் இப்போது அதிகம். மெனோபாஸுக்குப் பின் ஆசைக் குறைவு மனதை வருத்தினால் மட்டும், வேறு காரணங்களைப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று 2019இல் சர்வதேச அளவில் ஒத்த கருத்து வந்தது. சோர்வுக்கும் மறதிக்கும் அது மருந்து இல்லை.

9. மனசு, தூக்கம், சுற்றி இருப்பவர்கள்

பெரிமெனோபாஸ் காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுகிறது, முன்பு வந்தவர்களுக்கு இன்னும் அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஹார்மோன் சிகிச்சையும் மனநலச் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை, சேர்ந்தே நடக்கலாம். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைப்படும் பிரச்சினையையும் சோதிக்கச் சொல்லுங்கள். மெனோபாஸுக்குப் பின் அது கூடுகிறது.

வீட்டில் இருப்பவர்களிடம் "என்னைப் புரிஞ்சுக்கோங்க" என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். "ராத்திரி ஃபேன் என் பக்கம் இருக்கணும், காலையில ஏழு மணி வரைக்கும் என்னை எழுப்பாதீங்க, நான் கத்தினா பத்து நிமிஷம் விட்டுட்டு வந்து பேசுங்க" என்று சொன்னால் நடக்கும். வேலையிடத்திலும் அப்படியே. காரணத்தை விளக்க விருப்பமில்லையென்றால் "உடல்நலக் காரணம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, காற்று வரும் இடமோ நேர மாற்றமோ வேண்டும் என்று திட்டமாகக் கேளுங்கள்.

10. எலும்பும் வருடாந்திரப் பார்வையும்

மெனோபாஸை ஒட்டிய வருடங்களில்தான் எலும்பு மிக வேகமாகக் கரைகிறது, சத்தமே இல்லாமல். பொதுவாக 65 வயதில், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். சீக்கிரம் மெனோபாஸ் ஆனவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், மெலிந்த உடல்வாகு உள்ளவர்கள், லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தவர்கள், பெற்றோருக்கு இடுப்பு எலும்பு முறிந்தவர்கள் முன்பே எடுக்க வேண்டும். அதில் வரும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்பு மெலிவு நோய். உணவிலும் தேவைப்பட்டால் மாத்திரையிலுமாகச் சேர்த்து நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம், வைட்டமின் டி, வாரம் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி. நடைப்பயிற்சி மட்டும் எலும்புக்குப் போதாது.

ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சர்க்கரை மூன்றையும் இந்த வயதிலிருந்து விடாமல் பாருங்கள். மெனோபாஸை ஒட்டிக் கெட்ட கொழுப்பு ஏறுவது சகஜம். மார்பகப் பரிசோதனையும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் மாதவிடாய் நின்றதோடு முடிந்துவிடுவதில்லை.

சிகிச்சை தொடங்கியவர்கள் மூன்று மாதத்தில் ஒரு தடவை, அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை டாக்டரைப் பார்க்க வேண்டும். பழைய குறிப்பையும் கேள்வித்தாளையும் எடுத்துப் போங்கள். 10க்கு 7 என்று இருந்தது இன்று எத்தனை? குறையவில்லையென்றால் அளவு, வகை, மருந்து எதையாவது மாற்ற வேண்டும். ஒரு பேட்ச் சரிப்படவில்லை என்பதற்காக ஹார்மோனே சரிப்படாது என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

எத்தனை வருடம் எடுப்பது என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான கெடு இல்லை. ஒவ்வொரு வருடமும் உங்கள் வயது, புதிதாக வந்த நோய்கள், நன்மை, அபாயம் எல்லாவற்றையும் மறுபடி போட்டுப் பார்த்து டாக்டரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். நிறுத்தும்போது சில மாதங்களில் படிப்படியாகக் குறைக்கலாம், ஒரேயடியாகவும் நிறுத்தலாம். படிப்படியாகக் குறைத்தால் உடனடியாகச் சூடு திரும்பும் வாய்ப்பு குறைவு, நாளடைவில் இரண்டும் ஒன்றுதான். நிறுத்தி இரண்டு மூன்று மாதம் பார்த்து, தொந்தரவு பழையபடி வந்து நின்றால், மறுபடி தொடங்குவதைப் பற்றிப் பேசத் தயங்க வேண்டாம்.